கிடைக்காத கதிர்களின் கணக்கு

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் நேரம் இரவு 9:17. தீபாவளிக்கு இன்னும் 15 நாள் இருந்தது. சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன; தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய கூட்டம்; மேலே முழுநிலவு. அதே நேரத்தில் திருவோண விண்மீனுக்கு வடமேற்கே, அடிவானத்திலிருந்து 50 பாகைக்கும் அதிகமான உயரத்தில், மனிதர்கள் இதுவரை பதிவு செய்தவற்றிலேயே மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பின் ஒளி நம் வானத்தில் வந்து சேர்ந்தது. முதலில் ஒரு சிறு துடிப்பு. ஏறக்குறைய மூன்று நிமிடம் அடக்கம். 9:20ஐத் தாண்டியதும் விண்கலங்களின் உணர்கருவிகளையே திணறடித்த வெள்ளம். எங்கோ ஒரு பெரிய விண்மீன் சரிந்து கருந்துளையானபோது புறப்பட்ட கதிர்கள், ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, அன்று வந்து முடிந்தன.

அதற்கு ஜிஆர்பி 221009ஏ என்று பெயர்: காமா கதிர் வெடிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம், பிறகு அந்த நாளின் தேதி. ஸ்விஃப்ட் விண்கலம் அதை நம் நேரப்படி இரவு 10:10க்குத்தான் பார்த்தது. பால்வீதிப் பட்டைக்கு அருகில் தெரிந்ததால், நம் விண்மீன் திரளிலேயே ஏதோ ஒன்று கிளம்பியிருக்கிறது என்று முதலில் எண்ணினார்கள். ஃபெர்மி விண்கலம் சுமார் ஒரு மணி நேரம் முன்பே அதே திசையில் பதிவு செய்திருந்தது தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இவ்வளவு பிரகாசமான வெடிப்பு பூமிக்குத் தெரிவது 10,000 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 4,410 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாசோ ஆய்வகம் அந்த வெடிப்பிலிருந்து 64,000க்கும் அதிகமான உயர் ஆற்றல் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, பிடித்தது. 78,000 சதுர மீட்டர் பரப்புள்ள நீர்த்தொட்டிகளில் துகள்களைப் பிடிக்கும் ஆய்வகம் அது. பகல், நிலவு எதுவும் அதைத் தடுக்காது. அந்தப் பதிவிலிருந்து ஒளி ஏறிய விதம், இறங்கிய விதம், கதிர்கள் பாய்ந்து வந்த கூம்பின் அரைக்கோணம் வெறும் 0.8 பாகை என்பது வரை தெரிந்தது. அற்புதமான கட்டுரை. ஆனால் அதே வெடிப்பைப் பற்றி இன்னொரு கட்டுரையும் வந்தது. நமீபியாவின் மேட்டுநிலத்தில் இருக்கும் ஹெஸ் தொலைநோக்கிகளின் குழு எழுதியது. வெடித்த நேரத்தில் அங்கே பிற்பகல். இரவு வந்தபோது முழுநிலவு. இந்த வகைத் தொலைநோக்கிகள் இருண்ட வானத்துக்காகச் செய்யப்பட்டவை. அவ்வளவு நிலவொளியில் கண்ணைத் திறக்க முடியாது. அக்டோபர் 11ஆம் தேதி, 53 மணி நேரம் கழித்து, நிலவு எழுவதற்கு முன் கிடைத்த இருட்டில் அந்தத் திசையைப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையே எண்ணாக்கி வெளியிட்டார்கள்.

என் மனம் அந்த இரண்டாவது கட்டுரையில்தான் நிற்கிறது. தோன்றி மறையும் வானப் பொருள்களில் உயர் ஆற்றல் காமா கதிரைத் தேடுவோரின் உழைப்பில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட கட்டுரைகளாகத்தான் முடிகிறது. செய்தித்தாளில் இவை வருவதில்லை. எனக்கோ இந்தத் துறையின் முதுகெலும்பே இவைதான் என்று தோன்றுகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தேடுவது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இங்கே தேடப்படும் ஃபோட்டான்களின் ஆற்றல் டெரா எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். வெறும் வெப்பத்தால் எந்தப் பொருளும் இப்படி ஒளிர முடியாது. எங்கோ அதிர்ச்சி அலை போன்ற ஒன்று துகள்களை ஒளிவேகத்துக்கு மிக அருகில் விரட்டினால்தான் இது பிறக்கும். ஆகவே இத்தகைய ஒரு ஃபோட்டான், இயற்கையின் துகள் முடுக்கி ஒன்று அங்கே இயங்குகிறது என்பதற்கான சாட்சி.

இந்த ஃபோட்டான்கள் மிக அரிதாக வருகின்றன. ஃபெர்மி விண்கலத்தின் பெரிய காமா கதிர்க் கருவியின் பயனுள்ள பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான். ஆற்றல் ஏற ஏற, அந்தச் சிறு பரப்பில் வந்து விழும் ஃபோட்டான்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் வளிமண்டலத்தையே கருவியாக்கினார்கள். உயர் ஆற்றல் காமா கதிர் ஒன்று நமக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி ஒரு துகள் பொழிவை உண்டாக்குகிறது. அந்தத் துகள்கள், காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாகச் செல்வதால் நீலநிறச் செரன்கோவ் ஒளியை உமிழ்கின்றன. அது சில நானோ வினாடிகளே நீடிக்கும். தரையில் ஏறக்குறைய 120 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குள் எங்கே ஒரு பெரிய ஆடி இருந்தாலும் பொழிவின் படம் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டர் இப்போது பல ஆயிரம் சதுர மீட்டராக விரிகிறது.

ஆனால் இதே போன்ற பொழிவுகளைக் காஸ்மிக் கதிர்களும், அதாவது விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களும், உண்டாக்குகின்றன. அவை எல்லாத் திசையிலிருந்தும் ஓயாமல் வருகின்றன. காமா கதிர்களைவிட மிக மிக அதிகம். படத்தின் வடிவத்தைப் பார்த்துப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடலாம். மீதியைக் கழிக்க முடியாது. எனவே தேடும் இடத்தில் எத்தனை விழுந்தன, அதே தரமுள்ள பக்கத்து வெற்று வானப் பகுதிகளில் எத்தனை விழுந்தன என்று இரண்டையும் எண்ணி ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு தற்செயலா, உண்மையா என்பதைச் சொல்லும் சூத்திரத்தை டி-பேய் லி, யூ-சியான் மா என்ற இரு சீன அறிவியலாளர்கள் 1983இல் தந்தார்கள். இன்றும் இத்துறை அதன்மேல்தான் நிற்கிறது. தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவுகோல் சிக்மா; ஐந்து சிக்மாவைத் தாண்டினால் கண்டோம் என்று சொல்லலாம். தாண்டாவிட்டால் எழுத வேண்டியது மேல் வரம்பு: இந்த நேரத்தில், இந்தத் திசையில், இந்த அளவைவிடப் பிரகாசமாக ஏதாவது இருந்திருந்தால் நாங்கள் பார்த்திருப்போம்.

அந்த வாக்கியத்தில் இருக்கும் பொறுப்பைக் கவனியுங்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் ஆடி எவ்வளவு தூசி படிந்திருந்தது, காற்று எவ்வளவு தெளிவாக இருந்தது, வானம் எவ்வளவு ஒளியோடு இருந்தது, கருவி எத்தனை விழுக்காடு நேரம் உண்மையில் விழித்திருந்தது என்று அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவர் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்தாலும் அவர் கண்டது கண்டதுதான். காணாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

காமா கதிர் வானியல் பிறந்த கதையே நெடுங்காத்திருப்பின் கதை. அரிசோனாவின் மலையில் 10 மீட்டர் விட்டமுள்ள விப்பிள் தொலைநோக்கி 1968இல் நிறுவப்பட்டது. ட்ரெவர் வீக்ஸ் தலைமையிலான குழு அதைக்கொண்டு, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து டெரா எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் வருவதை உறுதியாகச் சொன்னது 1989இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் பெரும்பாலும் வரம்புகளும் நம்ப முடியாத அரைகுறைச் சமிக்ஞைகளும்தான். எப்போதும் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு மூலத்துக்கே இந்தக் கதி. தோன்றி மறையும் மூலத்தை என்னவென்று சொல்வது?

அத்தகைய மூலங்களில் முதன்மையான காமா கதிர் வெடிப்புகளை, அணுகுண்டுச் சோதனைத் தடை மீறப்படுகிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று தற்செயலாகப் பதிவு செய்தன. செய்தி வெளியானது 1973இல். இன்று ஃபெர்மி மட்டுமே ஆண்டுக்கு ஏறக்குறைய 240 வெடிப்புகளைப் பிடிக்கிறது. இவற்றில் தரையிலிருந்து டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவில் உறுதியாகக் காணப்பட்டவை கைவிரல்களுக்குள் அடங்கும். தடைகள் அப்படி. வெடிப்பு சில வினாடி அல்லது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் தொலைநோக்கி இருக்கும் இடத்தில் இரவாக இருக்க வேண்டும், மேகம் இருக்கக்கூடாது, நிலவு தொல்லை தரக்கூடாது, அந்தத் திசை அடிவானத்துக்கு மேலே இருக்க வேண்டும். இத்தனையும் கூடி வந்தாலும், தொலைவில் பிறந்த உயர் ஆற்றல் ஃபோட்டான்கள் வழியில் விண்மீன் திரள்கள் காலங்காலமாக உமிழ்ந்த மங்கலான ஒளியில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறி அழிந்துவிடுகின்றன. வெடிப்பு எவ்வளவு தொலைவோ அவ்வளவு இழப்பு.

எல்லாம் கூடி வந்த நாளும் உண்டு. 2019 ஜனவரி 15, நமக்குப் பொங்கல். சிங்கப்பூரில் விடியற்காலை 4:57க்கு ஜிஆர்பி 190114சி வெடித்தது. கேனரித் தீவுகளின் லா பால்மாவில் அப்போது 14ஆம் தேதி இரவு. அங்கிருக்கும் மேஜிக் தொலைநோக்கிகள் இரண்டும் 17 மீட்டர் விட்டமுள்ளவை. ஒவ்வொன்றும் 60 டன்னுக்கு மேல் எடை. வெடிப்புகளைத் துரத்துவதற்காகவே அவற்றின் சட்டத்தைக் கார்பன் இழைக் குழாய்களால் கட்டியிருக்கிறார்கள். வெடித்த 22ஆவது வினாடியில் எச்சரிக்கை வந்தது. ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பெருங்கருவிகள் தானாகவே திரும்பி நின்றன. முதல் அரை நிமிடத்துக்கு அந்த வெடிப்பு நண்டு நெபுலாவைவிட ஏறக்குறைய 100 மடங்கு பிரகாசமாக இருந்தது. 450 கோடி ஒளியாண்டுத் தொலைவு. சூரியனும் பூமியும் உருவாகிவந்த காலத்தில் புறப்பட்ட கதிர்கள். மேஜிக் 2004 முதல் இதற்காகக் காத்திருந்தது. அந்த ஆண்டுகளில் திரும்பிப் பார்த்த ஏறக்குறைய ஒவ்வொரு வெடிப்பும் ஒரு மேல் வரம்பாகத்தான் முடிந்திருந்தது. ஓட்டுநர் இல்லாமல் ஒரு நிமிடத்தில் குறி தவறாமல் திரும்ப அந்தக் கருவி எங்கே பழகியது? அந்த வெற்று இரவுகளில்தான்.

ஹெஸ் குழுவின் பாடம் வேறு வகை. 2018 ஜூலை 20 அன்று வெடித்த ஜிஆர்பி 180720பியை அவர்கள் 10 மணி நேரம் கழித்துத்தான் பார்க்க முடிந்தது. வேகம்தான் எல்லாம் என்று நினைப்பவர் அத்துடன் விட்டிருப்பார். அவர்கள் இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். 119 காமா ஃபோட்டான்கள் கிடைத்தன. வெடிப்பின் பின்னொளி அவ்வளவு நேரம் கழித்தும் இத்தனை ஆற்றலோடு இருக்கும் என்பது புதிய செய்தி.

அதே ஹெஸ், 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலைச் செய்தி வந்தபோது, ஒளித் தொலைநோக்கிகள் இடத்தை அடையாளம் காண்பதற்கு முன்பே, 5.3 மணி நேரத்தில் சரியான விண்மீன் திரளைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை இன்றும் சிலிர்க்க வைக்கும் வேலை அது. விடை: மேல் வரம்பு. 2020 ஏப்ரல் 28இல் எஸ்ஜிஆர் 1935 என்ற காந்த விண்மீன் (மிக வலிய காந்தப்புலமுள்ள நியூட்ரான் விண்மீன்) எக்ஸ்-கதிர்களை வரிசையாகக் கக்கியபோதும் ஹெஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றே பிற்பாடு அதே பொருள் ஒரு விரைவு ரேடியோ வெடிப்பையும் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றது. காமா கதிர்? மேல் வரம்பு. இப்படிப்பட்ட ஒவ்வொரு எண்ணும் கோட்பாட்டாளர்களின் கரும்பலகையில் ஒரு பகுதியை அழிக்கிறது. இந்த அளவு காந்தப்புலம் இருக்க முடியாது, இந்த அளவு ஆற்றல் துகள்களுக்குப் போயிருக்க முடியாது என்று. எஞ்சியிருப்பதில்தான் உண்மை இருக்கும்.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் பொறியாளன். யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வெடிப்பு எச்சரிக்கைகள் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து மின்னஞ்சலில் பெறக்கூடியவை. ஃபெர்மியின் தரவுகளோ பதிவாகிச் சில மணி நேரத்தில் உலகத்துக்கே இலவசம். ஆய்வு மென்பொருளும் அப்படியே. வேலை இல்லாத நாள்களில் ஒரு வெடிப்பைத் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்துக்கும் திசைக்கும் உரிய தரவை இறக்கி, என் மடிக்கணினியில் ஆராய்கிறேன். முதலில் பூமியின் விளிம்பை விலக்க வேண்டும். காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதுவதால், விண்ணிலிருந்து பார்த்தால் பூமியின் ஓரம் காமா கதிரில் பளீரென்று ஒளிர்கிறது. இதை முதன்முதலில் அறிந்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பால்வீதியின் பரவலான ஒளிக்கு ஒரு மாதிரி, எல்லாத் திசையிலும் சீராக வருவதற்கு ஒரு மாதிரி, நடுவில் நம் வெடிப்பு. கணினி எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும். பெரும்பாலும் பொருந்தாது.

ஒருநாள் இரவு என் மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்றைக்காவது கிடைத்ததா அப்பா?"

"இல்லை, கண்ணு."

"பிறகு ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்?"

"எவ்வளவு கவனமாகப் பார்த்தோம் என்று எழுதினால்தான், இல்லை என்ற சொல்லுக்கு மதிப்பு."

அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் பார்க்காதவர் இல்லை என்று சொன்னால் அது செல்லாது, சரிதானே?" என்றாள். பதினொரு வயதுப் பெண். இதைவிடத் தெளிவாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

சிங்கப்பூரிலிருந்து செரன்கோவ் ஒளியைப் பார்க்க வழியே இல்லை. 2016இல் வெளியான உலக இரவு வான ஒளி வரைபடம், உலகிலேயே ஒளி மாசு மிகுந்த நாடு இதுதான் என்று காட்டியது. கண் முழுமையாக இருளுக்குப் பழகவே முடியாத வானத்தின் கீழ் இங்கே எல்லாரும் வாழ்கிறோம். மேகமும் மழையும் தனி. ஆனாலும் இந்தத் தேடலுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபெர்மியும் ஸ்விஃப்டும் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் இருபதிலிருந்து இருபத்தாறு பாகைக்குள் சுற்றுபவை. நாள்தோறும் பலமுறை நம் வட்டாரத்தைக் கடந்துதான் போகின்றன.

எங்கள் வாசகர் வட்டத்தில் 2022 வெடிப்பைப் பற்றிப் பேசியபோது, ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, அவ்வளவு கதிர் நம் தலைமேல் விழுந்ததே, உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையா?" நல்ல கேள்வி. நமக்கு மேலிருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான எடை. எந்தக் காமா கதிரும் அதைத் துளைத்து நேராகத் தரைக்கு வர முடியாது. ஆனால் மேலே அயனிமண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள மேலடுக்கு, அன்று கலங்கியது. விண்கலம் அதை அளந்தது. இந்தியாவில் மின்னலை அறியும் கருவிகள்கூட அதை உணர்ந்தன. அப்போது அந்த வெடிப்புக்கு நேர் கீழே இருந்தது இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டிய அரபிக்கடல்.

இந்தியா என்றதும் சொல்ல வேண்டியது லடாக்கின் ஹான்லே. 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் செரன்கோவ் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரியது; உலகில் இவ்வகையில் மிக உயரத்தில் இருப்பது. பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லா பால்மாவிலும் நமீபியாவிலும் பகலாக இருக்கும்போது ஹான்லேயில் இருட்டியிருக்கும் மணிகள் உண்டு. தோன்றி மறையும் மூலம் யாருடைய இரவுக்காகவும் காத்திருக்காது. ஆகவே பூமியைச் சுற்றி எல்லாத் தீர்க்கரேகைகளிலும் யாராவது விழித்திருக்க வேண்டும். ஆசியப் பக்கத்தின் அந்த ஓட்டையை அடைக்கும் கண் இது. தமிழ்நாட்டில் ஊட்டியிலும் கிரேப்ஸ்-3 என்ற துகள் பொழிவு ஆய்வகம் இருக்கிறது. அது தேடுவது இன்னும் உயர்ந்த ஆற்றல்களை. ஊட்டிக்குப் போகிற நம்மவர்கள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்து லா பால்மாவிலும் சிலியிலும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை எழுந்துகொண்டிருக்கிறது. அதன் 23 மீட்டர் தொலைநோக்கி, 100 டன் எடையோடு, 20 வினாடியில் வானத்தின் எந்த மூலைக்கும் திரும்பக்கூடியது. இன்று மேல் வரம்பாக முடியும் பல இரவுகள் அப்போது வேறு விதமாக முடியும்.

அதற்கு முன்பே ஒன்று நடக்கலாம். 2021 ஆகஸ்டில் ஆர்எஸ் ஒஃபியூக்கி என்ற மறுபடி மறுபடி வெடிக்கும் நோவாவிலிருந்து (நோவா என்பது வெடித்துத் திடீரெனப் பிரகாசமாகும் விண்மீன்) ஹெஸ்ஸும் மேஜிக்கும் மிக உயர் ஆற்றல் காமா கதிர்களைக் கண்டன. ஒரு நோவாவில் இது முதல் முறை. அதே இனத்தைச் சேர்ந்த டி கொரோனே போரியாலிஸ் 1866இலும் 1946இலும் வெடித்தது. அடுத்த முறை நெருங்கிவிட்டதாகப் பலர் கருதுகிறார்கள். இதை எழுதும் நாள் வரை வெடிக்கவில்லை. உலகின் செரன்கோவ் தொலைநோக்கிகள் அதற்காக ஆயத்தமாக இருக்கின்றன. வெடித்தால் ஏறக்குறைய இரண்டாம் அளவுப் பிரகாசத்தை எட்டும். அதாவது இந்த வெளிச்ச நகரத்திலிருந்தும் வெறுங்கண்ணால் பார்த்துவிடலாம். ஜூலை இரவுகளில் ஒன்பது, பத்து மணிவாக்கில் வடக்கு நோக்கி நின்று, ஏறக்குறைய 65 பாகை உயரத்துக்குத் தலையைத் தூக்குங்கள். செம்பொன் நிறச் சுவாதியிலிருந்து வெள்ளை அபிஜித்தை நோக்கிப் பார்வையை நகர்த்தினால் பாதி வழிக்குச் சற்று முன்பே அந்த இடம். வழக்கமில்லாத ஒரு விண்மீன் அங்கே தெரிந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, மேகம் இருந்ததா, எவ்வளவு மங்கிய விண்மீன் வரை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்று.